பதில் சொல்ல ஆள் இல்லாத வண்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்றொரு ஊர். 2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி இருக்கும். 49 வயதுப் பெண் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகலமான சாலை ஒன்றைக் கடந்துகொண்டிருந்தார். ஊபர் நிறுவனம் சோதனைக்காக விட்டிருந்த வால்வோ கார், மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் வந்து அவர்மீது மோதியது. ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஊழியர் இருந்தார். வண்டியை ஓட்டியதோ கணினி. தானியங்கி கார் மோதி ஒரு பாதசாரி உயிரிழந்தது உலகிலேயே அதுதான் முதல்முறை.

விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையைப் படிக்கும் எவருக்கும் முதலில் வியப்புதான் வரும். காரின் கருவிகள் அந்தப் பெண்ணைப் பார்க்கத் தவறவில்லை. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே பார்த்துவிட்டன. பிரேக் பிடித்து நிறுத்த அது தாராளமான நேரம். பார்த்தது என்ன என்பதில்தான் கணினிக்குக் குழப்பம். ‘வாகனம்’ என்றது, ‘வேறு ஏதோ’ என்றது, ‘சைக்கிள்’ என்றது. வகையை மாற்றிய ஒவ்வொரு முறையும், அந்தப் பொருள் அதுவரை நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டுப் புதிதாகக் கணிக்கத் தொடங்கியது. கோடு போடாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடப்பார் என்ற நினைப்பே அந்த மென்பொருளுக்கு ஊட்டப்பட்டிருக்கவில்லை.

வால்வோ தன் காரில் ஏற்கெனவே பொருத்தியிருந்த அவசர பிரேக் வசதி, ஊபரின் கணினி ஓட்டும் நேரத்தில் வேலை செய்யாதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று குறுக்கிடக் கூடாது என்பது காரணம். அந்த வசதி செயல்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வால்வோ பின்னர் கணித்துப் பார்த்தது. பெரும்பாலான கணிப்புகளில் மோதலே நடக்கவில்லை. ஆபத்து என்று தெரிந்த பிறகும் ஒரு விநாடி பொறுத்துவிட்டுச் செயல்படும்படி மென்பொருளை அமைத்திருந்தார்கள். கார் வீணாகத் திடீர் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாதே என்ற கவலை. தொடக்கத்தில் காருக்கு இரண்டு ஊழியர்கள் இருந்தார்கள். விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு அதை ஒருவராகக் குறைத்தார்கள்.

இந்த முடிவுகளில் எதையும் அந்த இரவில் கார் எடுக்கவில்லை. பல மாதங்களுக்கு முன், ஏதோ ஓர் அலுவலகத்தில், சம்பளம் வாங்கும் மனிதர்கள் கூடிப் பேசி எடுத்தார்கள்.

பிறகு நடந்தது என்ன? ஊபர் மீது குற்ற வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று 2019 மார்ச்சில் அரிசோனாவின் அரசு வழக்கறிஞர் ஒருவர் அறிவித்தார். இறந்தவரின் குடும்பத்தோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 2020 டிசம்பரில் அந்தப் பிரிவையே அரோரா என்ற நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியது. வழக்கு பாய்ந்தது, காரில் உட்கார்ந்திருந்த ஊழியர்மீது மட்டும். சாலையைப் பார்க்காமல் கைபேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது குற்றச்சாட்டு. 2023 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்.

அவர்மீது தவறே இல்லை என்று வாதாட வரவில்லை. அவர் சாலையைக் கவனிக்காததைத்தான் வாரியமும் முதல் காரணமாகச் சொன்னது. ஊபரின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாதவை, அரிசோனா அரசின் கண்காணிப்பு போதாதது என்பவற்றை அதற்குத் துணைக் காரணங்களாக வைத்தது. ஆனால், மணிக்கணக்கில் எதுவும் செய்யாமல் உட்கார்ந்துகொண்டு, என்றைக்கோ வரப்போகும் ஒரு விநாடிக்காக விழிப்போடு இருப்பது மனித மனத்துக்கு ஆகிவராத வேலை. தானியங்கி முறையில் பறக்கும் விமானிகளை வைத்துப் பல பத்தாண்டுகளாகச் செய்த ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. தெரிந்தே அந்த வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தோற்றதும் தண்டிப்பது எவ்வளவு வசதியான ஏற்பாடு! மேடலின் கிளேர் எலிஷ் என்ற ஆய்வாளர் இதற்குப் பொருத்தமான ஓர் உவமை சொல்லியிருக்கிறார். மோதும்போது உள்ளே இருப்பவரைக் காப்பதற்காகக் காரின் முன்பகுதி நொறுங்கும்படி வடிவமைத்திருப்பார்கள். தானியங்கி அமைப்புகளில் நொறுங்குவதற்கென்று வைக்கப்பட்டிருப்பது ஒரு மனிதர். காப்பாற்றப்படுவது இயந்திரத்தின் நற்பெயர்.

தானியங்கி வாகனங்களை மக்கள் ஏன் நம்பவில்லை என்று கேட்டால், தொழில்துறையிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: பழக்கமில்லை, பழகினால் சரியாகிவிடும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ‘ஏஏஏ’ 2025இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், தானாக ஓடும் வண்டியில் ஏற நம்பிக்கை இருப்பதாகச் சொன்னவர்கள் 13 சதவீதம் பேர். பத்தில் ஆறு பேர் பயமாக இருக்கிறது என்றார்கள். இதை அறியாமையால் வரும் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. லிப்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டா அதில் ஏறுகிறோம்? பழுதானால் யாரைக் கேட்பது என்று தெரியும். அது போதுமாக இருக்கிறது. தானியங்கி கார் விஷயத்தில் அந்தக் கேள்விக்குத்தான் பதில் இல்லை. டெம்பி அந்த வெற்றிடத்தை உலகுக்குக் காட்டியது.

அறத்தைப் பற்றிய பேச்சு என்றால் எல்லோரும் உடனே எடுப்பது ஒரு பழைய புதிரை. கட்டுப்பாடு இழந்து ஓடும் டிராம் வண்டி ஐந்து பேரைக் கொல்லப் போகிறது, விசையைத் திருப்பினால் ஒருவர் மட்டும் இறப்பார், என்ன செய்வாய்? 1967இல் பிலிப்பா ஃபுட் என்ற தத்துவ ஆசிரியர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய புதிர் இது. எம்ஐடி ஆய்வாளர்கள் இதைத் தானியங்கி காருக்குப் பொருத்தி, இணையத்தில் உலகையே கேட்டார்கள். முதியவரா குழந்தையா, பயணியா பாதசாரியா என்று 233 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் இருந்து சுமார் 4 கோடி முடிவுகள் குவிந்தன. 2018இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகள் வந்தபோது, எந்தப் பண்பாட்டினர் யாரைக் காப்பாற்ற விரும்புகிறார்கள் என்று பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின.

சுவையான ஆய்வுதான். ஆனால், டெம்பியில் கார் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் முன்னால் இரண்டு உயிர்கள் நிற்கவில்லை. எத்தனை ஊழியர், எந்த பிரேக், எத்தனை விநாடி என்ற அலுப்பூட்டும் முடிவுகளில்தான் அறம் இருந்தது. டிராம் புதிரைப் பேசிக்கொண்டே இருப்பது ஒருவகையில் நிறுவனங்களுக்கும் சௌகரியம். விவாதம் தத்துவ வகுப்பறையை விட்டு வெளியே வராது. ஜெர்மனி இதை 2017லேயே நேராக முடித்தது. முன்னாள் அரசமைப்பு நீதிமன்ற நீதிபதி உடோ டி ஃபாபியோ தலைமையிலான அறக்குழு 20 விதிகளை வகுத்தது. தவிர்க்க முடியாத விபத்தில் வயது, பாலினம், உடல்நிலை பார்த்து மனிதர்களைத் தரம் பிரிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நான்கு கோடி முடிவுகளுக்கு ஒரு வரியில் பதில்.

நம்பிக்கை எப்படி உடைகிறது என்பதற்கு டெம்பியைவிடத் தெளிவான பாடம் சான்பிரான்சிஸ்கோவில் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸின் துணை நிறுவனமான குரூஸ், கூகுளின் உடன்பிறப்பான வேமோ இரண்டுக்கும் இரவு பகலாகக் கட்டணத்துக்கு ஆளேற்ற 2023 ஆகஸ்டில் கலிபோர்னியா அனுமதி தந்தது. தீயணைப்பு வண்டிகளுக்கு வழிவிடாமல் இந்தக் கார்கள் நிற்பதாகத் தீயணைப்புத் துறை புகார் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. காரின் முன்மூடியில் சாலைக் கூம்பு ஒன்றை வைத்தால் அது திகைத்து நின்றுவிடும் என்று கண்டுபிடித்த சிலர், அதையே ஒரு போராட்டமாக நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 2 இரவு. மனிதர் ஓட்டிவந்த கார் ஒன்று சாலையைக் கடந்த ஒரு பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் ஓடியது. தூக்கியெறியப்பட்ட அவர் பக்கத்துத் தடத்தில் வந்த குரூஸ் காரின் முன் விழுந்தார். கார் பிரேக் பிடித்தது, இடித்தது, நின்றது. அதோடு விட்டிருந்தால் இது குரூஸின் தவறில்லாத விபத்தாகவே கருதப்பட்டிருக்கும். ஆனால், பக்கவாட்டில் ஏதோ மோதிவிட்டது, ஓரமாகப் போய் நிற்க வேண்டும் என்று கணினி தப்புக்கணக்குப் போட்டது. அடியில் சிக்கிக் கிடந்த பெண்ணைச் சுமார் 20 அடி தூரம் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. அவர் பலத்த காயத்தோடு உயிர் பிழைத்தார்.

மறுநாள் கட்டுப்பாட்டு அமைப்புகளைச் சந்தித்த குரூஸ் அதிகாரிகள், இழுத்துச் சென்றதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டினோம், அதுவே பேசும் என்று இருந்துவிட்டார்கள். இணையத் தொடர்போ தடங்கி நின்றது. செய்தியாளர்களுக்குக் காட்டிய வீடியோ, கார் முதலில் நின்ற இடத்தோடு முடிந்தது. நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனம் பின்னர் விசாரித்தபோது, அந்தச் சந்திப்புகளுக்கு முன்பே நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது வெளிவந்தது. அக்டோபர் 24 அன்று மாநில மோட்டார் வாகனத் துறை உரிமத்தை நிறுத்தியது. 950 கார்கள் திரும்பப் பெறப்பட்டன. தலைமைச் செயல் அதிகாரி கைல் வோக்ட் நவம்பரில் பதவி விலகினார். நடுவண் விசாரணையைத் திசைதிருப்பும் வகையில் பொய் அறிக்கை தந்ததை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டு, குரூஸ் 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அடுத்த மாதமே ஜெனரல் மோட்டார்ஸ் ஓட்டுநரில்லா டாக்ஸிக்குப் பணம் போடுவதை நிறுத்திவிட்டது. அதற்குள் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கரைந்திருந்தது.

இத்தனை பெரிய முதலீட்டைக் கவிழ்த்தது, தொழில்நுட்பம் செய்த பிழையைவிட, சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம்தான்.

டெஸ்லாவின் கதை வேறு தினுசு. அங்கே நம்பிக்கை குறைவு என்பது சிக்கலே இல்லை. தேவைக்கு மேல் இருப்பதுதான் சிக்கல். ‘ஆட்டோபைலட்’ என்று பெயர் வைத்துவிட்டு, கையேட்டில் மட்டும் ஓட்டுநர் எப்போதும் கவனமாக இருக்க வேண்டும் என்று அச்சிட்டால், வாங்குபவர் எதை நம்புவார்? புளோரிடாவில் 2019இல் ஆட்டோபைலட் இயங்கிக்கொண்டிருந்தபோது, கீழே விழுந்த கைபேசியை எடுக்கக் குனிந்தார் ஓர் ஓட்டுநர். கார் சந்திப்பைத் தாண்டிப் பாய்ந்து, ஓரமாக நின்ற வண்டியில் மோதியதில் ஓர் இளம்பெண் இறந்தார். 2025 ஆகஸ்டில் மயாமி நீதிமன்ற ஜூரி, விபத்துக்கு டெஸ்லாவும் 33 சதவீதம் பொறுப்பு என்று சொல்லி, தண்டத்தொகை உட்பட 24 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. பெயரும் விளம்பரமும் வெறும் வியாபார உத்தி, சட்டம் அதில் தலையிட ஒன்றுமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மறுபக்க வாதத்துக்கும் கனம் உண்டு. மனிதர்கள் ஓட்டும் வண்டிகளால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 40 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். இந்தியாவில் 2022இல் இறந்தவர்கள் 1,68,491. இந்தக் கொலைக்களத்தைப் பார்த்துக்கொண்டே, இயந்திரம் ஒரு பிழையும் செய்யக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பது நியாயமா? வேமோ கார்கள் 2025 ஜனவரி வரை ஓட்டுநர் இல்லாமல் ஓடிய 5.67 கோடி மைல்களை ஆராய்ந்து வெளியான கட்டுரை, பாதசாரிகள் காயமடையும் விபத்துகள் மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட்டால் 92 சதவீதம் குறைவு என்கிறது. எழுதியவர்களில் வேமோவின் ஆய்வாளர்கள் உண்டு. ஆனாலும் பிற அறிஞர்கள் சரிபார்த்த பிறகே ஆய்விதழில் வந்தது. அலட்சியப்படுத்தக் கூடிய எண் இல்லை.

ஆனால் இந்தக் கணக்குகளில் கவனம் வேண்டும். 94 சதவீத விபத்துகளுக்கு மனிதத் தவறே காரணம் என்று எல்லா மேடையிலும் ஒரு புள்ளிவிவரம் சுற்றிவந்தது. அதன் மூல அறிக்கை சொன்னது, விபத்துச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பற்றி மட்டும். சாலை வடிவமைப்பு, வேக வரம்பு, வண்டியின் கனம் எல்லாவற்றையும் ஓட்டுநர் தலையில் கட்டுகிறது இந்த எண், இதைச் சொல்வதை நிறுத்துங்கள் என்று போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிபர் ஹோமண்டியே 2022இல் கேட்டுக்கொண்டார். இன்னொன்று: உயிரிழப்பு விஷயத்தில் தானியங்கி கார் மனிதருக்குக் குறைந்ததில்லை என்று புள்ளியியல் உறுதியோடு சொல்ல, ஓர் உயிர்கூடப் போகாமல் 27.5 கோடி மைல் ஓடிக் காட்ட வேண்டும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. நூறு கார்களை நிற்காமல் ஓட்டினாலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவ்வளவு ஓட்டம் பொதுச் சாலையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அதாவது, சாலையில் நடக்கும் எல்லோரும் சம்மதம் கேட்கப்படாமலே அந்தச் சோதனையில் பங்கெடுக்கிறோம். ஒரு மருந்தை இப்படிப் பரிசோதிக்க எந்த நாட்டிலாவது விடுவார்களா?

சராசரி குறைகிறது என்பது அரசுக்குப் போதுமான ஆறுதலாக இருக்கலாம். இறந்தவரின் வீட்டார் சராசரியைக் கேட்க மாட்டார்கள். யார் செய்தது என்று கேட்பார்கள்.

இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்ட சட்டம் என்று பிரிட்டன் 2024 மே மாதம் நிறைவேற்றிய தானியங்கி வாகனச் சட்டத்தைச் சொல்வேன். கார் தானாக ஓடும் நேரத்தில் அது ஓடும் விதத்துக்கு உள்ளே இருப்பவர் பொறுப்பில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் பொறுப்பு. ஓட்டும் பொறுப்பைத் திரும்ப ஏற்கும்படி கார் கேட்டால், அதற்கான அவகாசம் முடியும்வரை அவர்மேல் பழி வராது. பாதுகாப்புத் தகவலை மறைத்தாலோ பொய்யாகத் தந்தாலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நிறுவனம் பெயர் குறித்துக் கொடுத்த அதிகாரியே அதற்கு மாட்டுவார். தானாக ஓடாத வண்டியை அப்படித் தோன்றும்படி விளம்பரம் செய்வதும் குற்றம். கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநருக்கு நிகராக வண்டி ஓட வேண்டும் என்பது அளவுகோல். இழப்பீட்டை முதலில் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு தயாரிப்பாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2018லேயே அங்கே விதி செய்துவிட்டார்கள். டெம்பியும் சான்பிரான்சிஸ்கோவும் மயாமியும் ஒவ்வொரு பிரிவிலும் தெரிகின்றன. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர இன்னும் காலம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நமக்கு இதில் என்ன அவசரம் என்று கேட்கலாம். வேலைவாய்ப்பைப் பறிக்கும் என்பதால் ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் விட மாட்டேன் என்று நடுவண் அமைச்சர் நிதின் கட்கரி 2017இல் சொன்னார். 2023லும் அதையே சொன்னார். ஆனால் படிகள் ஏற்கெனவே ஏறப்பட்டுவிட்டன. தடத்தைவிட்டு விலகாமல் பிடித்துக்கொள்ளும், தானே பிரேக் போடும் ‘ஏடாஸ்’ வசதியுள்ள கார்கள் நம் நெடுஞ்சாலைகளில் ஓடுகின்றன. ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்மாளமடிக்கும் வீடியோக்களும் கூடவே வந்தன. ஐஐடி ஹைதராபாத் வளாகத்தில் 2022 முதல் தானியங்கி வாகனங்களுக்கென்றே ஒரு சோதனைத் தளம் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 2பி பிரிவு, புதுமையையும் ஆராய்ச்சியையும் ஊக்குவிக்க, சில வகை வாகனங்களுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை நடுவண் அரசுக்குத் தந்திருக்கிறது. கதவு திறந்தே இருக்கிறது.

இழப்பீட்டைப் பொறுத்தவரை நம் சட்டம் அவ்வளவு மோசமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164வது பிரிவின்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலே வாகன உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் தர வேண்டும். தயாரிப்புக் குறைபாட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. ஆபத்தான தொழில் நடத்துபவர் சாக்கு எதுவும் சொல்ல முடியாத முழுப்பொறுப்பு உடையவர் என்று ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. பள்ளம் இருப்பது குற்றவியல் பக்கத்தில். அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவு ஒரு நபரைத் தேடும். மென்பொருளில் ஒரு விநாடித் தாமதத்தை வைத்தவரின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறுமா? இருக்கையில் யாராவது இருந்தால் அவர் பெயர்தான் ஏறும். டெம்பி நமக்கும் அந்நியமில்லை.

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ஒன்றை இந்தியர்கள் நம்பவே மாட்டார்கள் என்றும் இல்லை. 2020 டிசம்பரிலிருந்து டெல்லி மெட்ரோவில் ஓட்டுநரில்லா ரயில் ஓடுகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கும் அதே வகை ரயில்கள்தான். பயப்பட்டு யாரும் ஒதுங்கவில்லை. தனித் தடம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பயணிகளை ஏற்றுவதற்கு முன் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் என்ற வெளியாள் பார்த்துச் சான்று தர வேண்டும். அமெரிக்காவில் கார் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று சான்று சொல்பவர் அதைத் தயாரிப்பவரேதான். நம் நாட்டில் புதிய வாகனங்களுக்கு வெளி அமைப்புகளின் ஒப்புதல் கட்டாயம்; சென்னைக்கு அருகே ஒரகடத்திலேயே பெரிய சோதனை மையம் இருக்கிறது. கோடு போடாத இடத்தில் சாலையைக் கடப்பவரை ஒரு மென்பொருள் மனிதராக மதிக்கிறதா என்று அங்கே சோதிக்கலாம். 2022இல் நம் சாலைகளில் இறந்த பாதசாரிகள் மட்டும் 32,825 பேர். கோடு இருக்கும் இடம் பார்த்துக் கடக்கும் வாய்ப்பு அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

கடைசியாக, விசாரணை. டெம்பியில் நடந்ததெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், பழி சுமத்துவதற்காக இல்லாமல் காரணம் கண்டறிவதற்காகவே இயங்கும் ஒரு வாரியம் அங்கே இருந்ததுதான். பிரிட்டன் சட்டமும் அப்படிப்பட்ட தனி ஆய்வாளர்களுக்கு இடம் வைத்திருக்கிறது. இங்கே விமானம் விழுந்தால் விசாரிக்கத் தனி அமைப்பு இருக்கிறது, ரயில் கவிழ்ந்தால் பாதுகாப்பு ஆணையர் வருவார். சாலை விபத்துக்கு வருபவர், மக்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர். பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, இயந்திரக் கோளாறால் விபத்து நடக்கவில்லை என்று அவர் எழுதித் தரும் சான்றுதான் நீதிமன்றத்துக்குப் போகிறது. கார் எதை எப்போது பார்த்தது, என்ன நினைத்தது என்ற பதிவு நிறுவனத்தின் சர்வரில், ஒருவேளை வேறொரு நாட்டில், இருக்கும். விபத்து நடந்த உடனே அந்தப் பதிவு வெட்டாமல் ஒட்டாமல் விசாரணை அதிகாரியிடம் வந்து சேர வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வழக்கறிஞருக்கும் பிரதி கிடைக்க வேண்டும். அதைப் படித்து விளக்க நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத நிபுணர்கள் வேண்டும். 2பி பிரிவின் கீழ் முதல் வண்டிக்கு விலக்கு தரும் அறிவிக்கையிலேயே இவற்றை நிபந்தனையாக எழுதிவிடலாம். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.